மருந்துக்கு ஒரு மருந்து

சித்திக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பேக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். முதல் நாள் நான்தான் கூடப் போனேன். எட்டு மணிக்கே போய்ப் படுத்தாயிற்று. பத்து மணி வரைக்கும் புற்றுநோய் மருந்து கண்ணிலேயே படவில்லை. முதலில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அப்புறம் ஓர் அலர்ஜி ஊசி. அப்புறம் வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்த இன்னொரு ஊசி. அரை மணி நேரம் கழித்து நர்ஸ் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார். வழக்கமான பிளாஸ்டிக் பை இல்லை. டியூபும் வேறு மாதிரி, நடுவில் சின்ன வட்ட ஃபில்டர் வைத்தது. முதல் கால் மணி நேரம் அவர் கட்டிலை விட்டு நகரவே இல்லை. முகம் சிவக்கிறதா, மூச்சு இழுக்கிறதா என்று சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தி கண் சொக்கிப்போய், "இந்த மருந்து ஏறினா தூக்கம் அள்ளிக்கிட்டுப் போகுதுடி" என்றார்.

"அந்த மருந்து இன்னும் ஏறவே இல்ல சித்தி. தூக்கம் வர்றது அலர்ஜி ஊசியால."

"எனக்கு எதுக்கு அலர்ஜி ஊசி?"

"மருந்து தண்ணியில கரையாது. அதைக் கரைக்க எண்ணெயிலேருந்து செஞ்ச ஒரு திரவம் சேர்த்திருக்காங்க. அது சில பேருக்கு ஒத்துக்காது. அதுக்குத்தான் முன்கூட்டியே போடுறாங்க."

சித்தி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நோய்க்கு ஒரு மருந்து, அந்த மருந்துக்கு ஒரு மருந்தா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

நான் வேலை பார்ப்பது மருந்துகளுக்கு வடிவம் கொடுக்கும் ஓர் ஆய்வகத்தில். எண்ணெயில் கரையும் மருந்தை நுண்ணிய எண்ணெய்த் துளிக்குள் அடைத்து, துளியைச் சுற்றிப் பாலிமர் ஓடு போர்த்தி, புற்றுநோய்ச் செல்வரைக்கும் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. இந்தத் துளிகளுக்கு நானோ கேப்சூல் என்று பெயர். சித்தியின் அந்தக் கேள்வியைப் போல என் வேலையை யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அன்றிலிருந்து எழுத நினைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

பேக்லிடாக்செலின் கதையிலிருந்தே தொடங்கலாம். 1962இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆர்தர் பார்க்ளே பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். செல்லுக்குள் இது என்ன செய்கிறது என்பதை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழாய்களை இது இறுகப் பிடித்துக்கொள்கிறது. குழாய்கள் கலைய முடியாமல் நிற்க, செல் பாதி வழியில் மாட்டிக்கொண்டு சாகிறது. மற்ற எந்த மருந்தும் அன்றுவரை இந்த வழியில் வேலை செய்ததில்லை. ஆனாலும் அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1992 டிசம்பர் ஆயிற்று. பட்டையைச் சேகரித்ததிலிருந்து முப்பது வருஷம்.

இந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. மரத்தில் கிடைக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு என்பது ஒன்று. இன்னொன்று, அது தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கூடக் கரையாத பொருளை ரத்தக் குழாயில் எப்படிச் செலுத்துவது? கடைசியில் கிடைத்த வழி கிரெமோஃபோர். ஆமணக்கு எண்ணெயை எத்திலீன் ஆக்சைடோடு வினைபுரிய வைத்துச் செய்யும் பிசுபிசுப்பான திரவம் அது. அதில் பாதி, எத்தனால் பாதி. இந்தக் கலவையின் ஒரு மில்லியில் 6 மில்லிகிராம் மருந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம். 1.6 சதுர மீட்டர் பரப்புள்ள ஒருவருக்கு 280 மில்லிகிராம் மருந்து போகும். அதைக் கரைத்து வைத்திருக்கும் கலவை 47 மில்லி. அதில் பாதி, கிட்டத்தட்ட 23 மில்லி, கிரெமோஃபோர். மருந்தின் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதைச் சுமந்து வரும் பொருள் இருபது கிராமுக்கு மேல். ஒவ்வொரு முறையும் அத்தனையும் ரத்தத்தில்தான் கலக்கிறது.

ஆரம்பச் சோதனைகளில் சிலருக்கு ரத்த அழுத்தம் விழுந்தது, மூச்சு அடைத்தது. உயிர் போனதும் உண்டு. ஆராய்ச்சியே நின்றுபோகும் நிலை வந்தது. முன்கூட்டியே அலர்ஜி மருந்து கொடுத்து, டிரிப்பை மெதுவாக ஏற்றுவது என்று முடிவு செய்த பிறகுதான் வண்டி மறுபடி ஓடியது. சித்தியின் கட்டிலில் நான் பார்த்த அத்தனையும், மூன்று ஊசி, மூன்று மணி நேரம், அந்தக் கண்ணாடிப் பாட்டில் உட்பட, அன்றைக்கு எடுத்த அந்த முடிவுகளின் தொடர்ச்சி. பாட்டில் கண்ணாடியில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. கிரெமோஃபோர் சாதாரண பி.வி.சி. பையிலிருந்தும் டியூபிலிருந்தும் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் ரசாயனத்தை உரித்துக்கொண்டு வந்துவிடும்.

மருந்தையே தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். அதுவும் நடந்தது. அதே வாலும் வாணியும் 1966இல் அறிவித்த இன்னொரு மருந்து காம்ப்டோதெசின். அதுவும் தண்ணீரில் கரையாது. அதைச் சோடியம் உப்பாக்கிக் கரைத்து 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பாக்கும்போது மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொண்டது. மருந்தின் வீரியம் இருந்ததே அந்த வளையத்தில்தான். கட்டி சரியாகக் கரையவில்லை, சிறுநீர்ப்பையில் ரத்தப்போக்கு வந்தது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். வளையத்தைக் காப்பாற்றிக்கொண்டே கரையும் விதமாகத் திருத்திய டோப்போடெக்கானும் இரினோடெக்கானும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1996இல். ஒரு மூலக்கூறைக் கரைய வைக்க முப்பது ஆண்டு.

புற்றுநோய் மருந்துகளில் இத்தனை பேர் எண்ணெய்க் கட்சியாக இருப்பது தற்செயல் இல்லை. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. அதைத் தாண்டி உள்ளே போக வேண்டிய மூலக்கூறுக்குக் கொழுப்போடு உறவு வேண்டும். மருந்து போய் உட்காரும் புரதங்களின் குழிகளும் பெரும்பாலும் தண்ணீரை ஒதுக்குகிறவை. ஆக, செல்லின் வாசலில் எது தகுதியோ, அதுவே ரத்தத்தில் தகுதிக்குறைவு. ரத்தம் தண்ணீர் அல்லவா. நானோ கேப்சூல் இந்த முரண்பாட்டுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறது. உள்ளே எண்ணெய், மருந்துக்கு அது வீடு மாதிரி. வெளியே தண்ணீரோடு ஒத்துப்போகும் பாலிமர்.

செய்வதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. 1989இல் ஹாதெம் ஃபெஸியும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதிவைத்த முறை இது. அசிட்டோனில் பாலிமர், கொஞ்சம் எண்ணெய், லெசித்தின், மருந்து நான்கையும் கரைக்க வேண்டும். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். இன்னொரு பீக்கரில் தண்ணீர், அதில் துளிகளை ஒட்டவிடாமல் தடுக்கும் ஒரு பொருள். மேக்னடிக் ஸ்டிரரில் வைத்துச் சுழலவிட்டு, அசிட்டோன் கரைசலை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் துளி விழுந்த இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று சுழன்று மறையும். பத்துப் பதினைந்து துளிக்கு அப்புறம் பீக்கர் முழுக்க நீலம் பூத்த வெண்மை. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து அதன் வழியாகப் பார்த்தால் லேசான ஆரஞ்சு. பக்கவாட்டில் பார்த்தால் நீலம். வானத்தை நீலமாக்குவது எதுவோ அதேதான் இங்கேயும் நடக்கிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது, மிச்சம் நேரே போய்விடுகிறது. அந்த நீலம் தெரிந்தால் துகள்கள் சிறியவையாக விழுந்திருக்கின்றன என்று அர்த்தம். பால் மாதிரி வெறும் வெள்ளையாக இருந்தால் மனசு தளர்ந்துவிடும்.

காயம் கழுவும் டெட்டால் போன்ற கிருமிநாசினியைத் தண்ணீரில் ஊற்றினால் சட்டென்று வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே கதைதான். அசிட்டோன் தண்ணீரைக் கண்டதும் அதில் ஓடிப்போய்க் கலந்துவிடுகிறது. அதை நம்பிக் கரைந்திருந்த எண்ணெய்க்குத் திடீரென்று ஆதரவு போய்விடுகிறது. நொடிக்கும் குறைவான நேரத்தில் கோடிக்கணக்கான துளிகளாக உடைகிறது. பாலிமருக்குத் தண்ணீரிலும் இடமில்லை, எண்ணெயிலும் இடமில்லை. அது இரண்டுக்கும் நடுவே, துளியின் மேற்பரப்பில் போய்ப் படிகிறது. ஓடு தானாகவே உருவாகிவிடுகிறது. யாரும் எதையும் இடிக்கவோ அரைக்கவோ இல்லை.

ஒரு துளியின் விட்டம் 200 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பணு ஒன்றின் குறுக்கே முப்பத்தைந்து நாற்பது துளிகளை வரிசையாக அடுக்கலாம். ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு எண்ணெய் இருந்தால், அதில் இரண்டு லட்சம் கோடிக்கும் மேல் கேப்சூல்கள். அவற்றின் மொத்த மேற்பரப்பு 0.3 சதுர மீட்டர், ஏ4 காகிதம் ஐந்து. கடுகளவு எண்ணெய்க்கு ஐந்து காகிதம் அளவு தோல். ரத்தமும் செல்லும் பார்க்கப்போவது இந்தத் தோலைத்தான்.

இங்கே என்னுடைய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பேக்லிடாக்செலை வைத்துக் கேப்சூல் செய்தேன். எத்தனை சதவீத மருந்து உள்ளே அடைபட்டது என்று பார்க்க, கேப்சூல் நுழைய முடியாத நுண்ணிய ஃபில்டரில் வடிகட்டி, கீழே இறங்கிய தண்ணீரில் மருந்தைத் தேடினேன். ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அப்படியானால் எல்லாம் உள்ளேதானே? 98 சதவீதம் என்று எழுதிக்கொண்டேன். துகள் அளவு பார்க்கும் கருவியும் 200 நானோமீட்டர் என்று அழகாகக் காட்டியது. மூன்று மாதம் அந்த எண்ணை நம்பி அடுத்தடுத்த வேலையைச் செய்தேன்.

என் நெறியாளர் ஒருநாள் குப்பியைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு. ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். இருட்டான பின்னணியில் ஊசி ஊசியாக மின்னின. படிகங்கள். மருந்தில் பெரும்பகுதி கேப்சூலுக்குள் இல்லவே இல்லை. வெளியே தனியாக உறைந்து கிடந்தது.

"தண்ணியில கரையாத மருந்தைத் தண்ணியில தேடினா எப்படிம்மா கிடைக்கும்?" என்றார். கோபமே இல்லாமல்.

படிகங்களும் ஃபில்டரின் மேலேயே தங்கிவிடும். வெளியே இருந்த மருந்தையும் நான் உள்ளே இருப்பதாகக் கணக்கு எழுதியிருக்கிறேன். நடந்தது இதுதான். அசிட்டோன் இருந்தவரைக்கும் எல்லாம் கரைந்திருந்தது. அதை ஆவியாக்கி வெளியேற்றிய பிறகு, எண்ணெய் மட்டும் தனியாக அத்தனை மருந்தையும் தாங்க முடியவில்லை. பேக்லிடாக்செல் தண்ணீரை வெறுப்பது உண்மை. அதற்காக எந்த எண்ணெயையும் கண்ணை மூடிக்கொண்டு நேசித்துவிடாது. இந்தத் துறையில் வரும் 95, 98 சதவீதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எப்படி அளந்தார்கள் என்பதை நான் முதலில் தேடுகிறேன். நிறைய இடங்களில் நான் செய்ததையேதான் செய்திருக்கிறார்கள்.

எண்ணெயை மாற்றினேன், மருந்தின் அளவை வெகுவாகக் குறைத்தேன். அப்புறம்தான் ஊசிகள் நின்றன. சதவீதமும் இறங்கியது. ஆனால் அது உண்மையான சதவீதம்.

சரி, ஓட்டுக்கு வருவோம். பாலிமர் ஓடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில்தான் பெரிய இழுபறி இருக்கிறது. வெறும் கேப்சூலை ரத்தத்தில் விட்டால் சில நிமிஷங்களில் ரத்தப் புரதங்கள் அதன்மேல் அப்பிக்கொள்ளும். அந்த அப்பலைப் பார்த்ததும் கல்லீரலில் காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் அயல் பொருள் என்று அடையாளம் கண்டு விழுங்கிவிடும். கட்டிக்கென்று அனுப்பியது கல்லீரலில் போய் முடங்கும். இதற்குத் தீர்வாக வந்தது பாலிஎத்திலீன் கிளைக்கால். ஆய்வகத்தில் எல்லோரும் பெக் என்றுதான் சொல்வோம். தண்ணீரை உறிஞ்சி நிற்கும் நீளமான இழைகள், கேப்சூலின்மேல் புல்வெளி மாதிரி நின்று புரதங்களை அண்டவிடாது. ருக்ஸாண்ட்ரா கிரெஃபும் ராபர்ட் லாங்கரும் சேர்ந்த குழு, பெக் போர்த்திய பாலிமர் துகள்கள் சுண்டெலிகளின் ரத்தத்தில் வெகு நேரம் சுற்றுவதை 1994இல் காட்டியது. அதன் பிறகு ரத்தத்துக்குள் அனுப்பும் பாலிமர் துகள்களுக்குப் பெக் போர்த்துவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் புரதத்தை அண்டவிடாத புல்வெளி, புற்றுநோய்ச் செல்லையும் அண்டவிடாது. செல்லோடு ஒட்ட வேண்டும் என்றால் கைட்டோசான் நல்ல தேர்வு. நண்டு, இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. நேர்மின் சுமை கொண்டது. செல்லின் மேற்பரப்பு எதிர்மின் சுமை. தட்டில் வளரும் செல்கள்மேல் கைட்டோசான் கேப்சூலை ஊற்றினால் காந்தம் மாதிரி ஒட்டும், படங்கள் பிரமாதமாக வரும். அதே கேப்சூலை ரத்தத்தில் விட்டால், ரத்தப் புரதங்களும் பெரும்பாலும் எதிர்மின் சுமை உள்ளவை, அவைதான் முதலில் ஒட்டும். கண், மூக்கு, குடல் இவற்றின் சளிப்படலத்துக்குக் கைட்டோசான் பொருத்தம். ரத்தத்தின் வழியாகப் போக வேண்டிய பயணத்துக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கட்டிக்குள் கொஞ்சம் அமிலத்தன்மை அதிகம் என்பதை வைத்து, அங்கே போனதும் பெக் உதிர்ந்து உள்ளே இருக்கும் நேர்மின் பரப்பு வெளிப்படுகிற மாதிரியும் செய்கிறார்கள். யோசனை அழகுதான். ஒவ்வொரு அடுக்கு கூடும்போதும் செய்முறையில் ஒரு தவறுக்கு வாய்ப்பும் கூடுகிறது. பெக்குக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கி, இரண்டாவது ஊசியைச் சீக்கிரமே துடைத்தெறிவதும் விலங்குகளில் தெரியவந்திருக்கிறது.

ஓடு எதனால் ஆனது என்பதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பாலிலாக்டிக் அமிலத்தின் குடும்பத்துப் பாலிமர்கள் அறுவை சிகிச்சையில் கரையும் தையல் நூலாக 1970களிலிருந்தே உடம்புக்குள் போய்வருகின்றன. மெதுவாக உடைந்து, உடம்பு தினமும் கையாளும் லாக்டிக் அமிலம் போன்ற சின்ன மூலக்கூறுகளாக மாறிவிடும்.

செல்லுக்குள் நுழைவது பற்றி ஒரு எச்சரிக்கை. கேப்சூல் உள்ளே போனதா என்று பார்க்க, மருந்துக்குப் பதிலாக ஒளிரும் சாயத்தை அடைத்துச் செல்களோடு சேர்த்து வைப்போம். கொஞ்ச நேரத்தில் செல் முழுக்கச் சிவப்பாகவோ பச்சையாகவோ மின்னும். உடனே கேப்சூல் நுழைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்தச் சாயமும் எண்ணெய்க் கட்சிதான். கேப்சூல் செல்லைத் தொட்டாலே போதும், சாயம் எண்ணெயிலிருந்து சவ்வுக்கும் சவ்விலிருந்து உள்ளேயும் தாவிவிடும். கேப்சூல் வெளியிலேயே நிற்கும். மருந்தும் இப்படித் தாவினால் நல்லதுதானே என்றால், புற்றுநோய்ச் செல்லிடம் அது நல்லது. வழியில் ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து திரியும் புரதங்களிடமும் அது அப்படியே தாவிவிட்டால், கட்டியை அடையும்போது கேப்சூல் காலியாக இருக்கும். இதை இப்போது நான் வெறும் தண்ணீரில் சோதிப்பதில்லை, ரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் திரவமான சீரத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். தண்ணீரில் இரண்டு நாள் மருந்தைப் பிடித்துவைத்திருந்த கேப்சூல், சீரத்தில் இரண்டு மணி நேரத்தில் கைவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

கட்டியை எப்படி அடையும் என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1986இல் மட்சுமுராவும் மயேதாவும் ஜப்பானில் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். கட்டிக்குள் அவசரமாக முளைக்கும் ரத்தக் குழாய்களில் ஓட்டைகள் அதிகம். பெரிய மூலக்கூறுகள் அதன் வழியே கசிந்து போகும். அங்கே நிணநீர் வடிகால் சரியில்லாததால் திரும்பி வராமல் தங்கும். இந்தக் கருத்தின்மேல்தான் இந்தத் துறையின் பாதி கட்டப்பட்டிருக்கிறது. மயேதாவின் குழு உருவாக்கிய ஸ்மாங்க்ஸ் என்கிற பாலிமர் இணைத்த மருந்து ஜப்பானில் 1993இல் கல்லீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அதை லிப்பியோடால் என்ற அயோடின் சேர்த்த எண்ணெயில் கலந்து, கல்லீரலுக்குப் போகும் தமனியிலேயே நேராகச் செலுத்தினார்கள். எண்ணெயும் பாலிமரும் சேர்ந்து கட்டியில் தங்கின. பல பேர் மறந்துவிட்ட இந்த மருந்து எனக்கு ரொம்பப் பிடிக்கும். கசிவை மட்டும் நம்பாமல், வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

சுண்டெலியில் பார்த்ததை மனிதருக்கு நீட்டும்போதுதான் இடிக்கிறது. 20 கிராம் எலியில் ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டி ஏறத்தாழ அரை கிராம். உடல் எடையில் நாற்பதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு அந்த விகிதத்தில் ஒன்றரைக் கிலோ கட்டி இருக்க வேண்டும். எலியில் அது சில வாரங்களில் வளர்ந்துவிடுகிறது, குழாய்களில் ஓட்டை ஏராளம். மனிதரில் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த கட்டி அப்படி இல்லை. ஒரே ஆளுக்குள்ளேயே ஒரு கட்டி கசியும், இன்னொன்று கசியாது. அந்த எலியில்கூட எவ்வளவு போய்ச் சேர்கிறது? டொரோண்டோவில் வாரன் சானின் குழு பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் சொன்ன விடை: செலுத்திய துகள்களில் நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூறில் ஒன்றுகூட இல்லை. சாதாரண ஊசி மருந்து எவ்வளவு சேர்கிறது என்று ஒப்பிடாமல் இந்த எண்ணை மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ஏவுகணை" என்ற சொல் எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான். செய்திகளில் நானோ மருந்து என்றாலே குறி பார்த்துப் பாயும் ஏவுகணை என்று எழுதுகிறார்கள். கேப்சூலுக்கு எஞ்சின் கிடையாது, கண் கிடையாது. ரத்தம் கொண்டுபோகிற இடத்துக்குத்தான் போகும். மேற்பரப்பில் ஆன்டிபாடியோ வேறு கொக்கியோ மாட்டினாலும், செல்லின் பக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கொக்கிக்கு வேலை. பேக்லிடாக்செலின் உறவுக்கார மருந்தான டோசிடாக்செலைக் கொக்கி மாட்டிய துகளாக்கி நோயாளிகள் வரைக்கும் கொண்டுபோன பைண்ட் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2016இல் திவாலானது.

அப்படியானால் இதெல்லாம் வீணா என்றால், இல்லை. ஜெயித்தவற்றைப் பார்த்தால் ஏன் ஜெயித்தன என்பது தெரிகிறது. 2005 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அப்ராக்சேன், அதே பேக்லிடாக்செல்தான். ரத்தத்திலேயே இருக்கும் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியது. கிரெமோஃபோர் கிடையாது. முன்னேற்பாடாக அலர்ஜி ஊசி போட வேண்டிய கட்டாயம் கிடையாது. மூன்று மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம். சதுர மீட்டருக்கு 175க்குப் பதில் 260 மில்லிகிராம் கொடுக்க முடிந்தது. பரவிய மார்பகப் புற்றுநோயில் கட்டி சுருங்கியவர்கள் பழைய மருந்தில் 19 சதவீதம், இதில் 33 சதவீதம். கொரியாவில் 2007இல் அனுமதி பெற்ற ஜெனெக்சால்-பி.எம். இன்னும் என் வேலைக்கு நெருக்கம். பெக்கும் பாலிலாக்டிக் அமிலமும் இணைந்த பாலிமர், மருந்தைத் தன் நடுவே பொதிந்து வைத்திருக்கும். அதிலும் கிரெமோஃபோர் இல்லை.

இரண்டும் கட்டியைக் குறிபார்த்து அடித்து ஜெயித்தவை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. தீங்கு செய்யும் கரைப்பானை அப்புறப்படுத்தியதில் ஜெயித்தவை. சித்தி கேட்டாரே, மருந்துக்கு ஒரு மருந்தா என்று, அந்த இரண்டாவது மருந்தை இல்லாமல் ஆக்கியவை. இது சின்ன விஷயம் என்று கருத்தரங்குகளில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊசிக்குக் கை நீட்டிப் படுத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதற்காகப் பூசி மெழுகவும் கூடாது. அந்தச் சோதனையில் கைகால் நரம்பு கடுமையாக மரத்துப்போனவர்கள் அப்ராக்சேனில் 10 சதவீதம், பழையதில் 2 சதவீதம். அதிக மருந்து போனதால் அதிக மரப்பு. நிறுத்தியதும் சில வாரங்களில் தணிந்தது என்பது ஆறுதல். கணையப் புற்றுநோயில் ஜெம்சிட்டபின் என்ற இன்னொரு மருந்தோடு அப்ராக்சேனைச் சேர்த்தபோது நடுமதிப்பு ஆயுள் 6.7 மாதத்திலிருந்து 8.5 மாதமானது. ஐம்பத்து நான்கு நாள் மாதிரி. அந்த நாட்களை எண்ணிக்கொண்டு இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

குர்குமின் பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். மஞ்சளில் இருக்கும் அந்தப் பொருளும் எண்ணெயில் கரையும் ரகம். அதை நானோ கேப்சூலில் அடைத்த ஆய்வுகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு நாளைக்கு 8 கிராம் விழுங்கினாலும் ரத்தத்தில் மிகக் குறைவாகவே தெரிகிறது, ஆகவே கேப்சூலில் அடைத்தால் வேலை செய்யும் என்பது வாதம். ரத்தத்தில் போய்ச் சேராதது அதன் பிரச்சினைகளில் ஒன்றுதான். உடம்பின் சாதாரண அமில-கார நிலையிலேயே அது சீக்கிரம் சிதைகிறது. ஆய்வகச் சோதனைகளில் பல புரதங்களோடு வேலை செய்வது போலப் பொய்யாகக் காட்டுகிறது. வேதியியலாளர்கள் 2017இல் விரிவாக அலசி, நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் இரட்டை மறைப்பு முறையில், அதாவது யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் நடத்தும் சோதனையில், நிரூபணமான வெற்றி ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். கேப்சூல் ஒரு சுமைதாங்கி. உள்ளே இருப்பது மருந்தாக இருந்தால் மருந்தைச் சுமக்கும். "எலிகளில் கட்டி மறைந்தது" என்ற செய்தியைப் படித்துவிட்டு ஓடுகிற சிகிச்சையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சித்தி ஆறு சுற்றும் முடித்தார். ஒவ்வொரு முறையும் அதே மூன்று ஊசி, அதே கண்ணாடிப் பாட்டில். நான்காவது சுற்றுக்குப் பிறகு விரல் நுனி மரத்துப்போய், ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்றார். இப்போது பரவாயில்லை, பட்டன் போட முடிகிறது. போன மாதம் வந்தபோது என் கைபேசியில் கேப்சூல் குப்பியின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்ணி மாதிரி இருக்கே, நீலமா. இதுக்குள்ளயா எண்ணெய் இருக்கு?" என்றார்.

"ஆமா சித்தி."

"இதுல தூங்க வேணாமா?"

"வேணாம்னு ஆக்கத்தான் பாக்குறேன்."

இப்போதெல்லாம் காலையில் ஆய்வகத்துக்குப் போனதும் துகள் அளவுக் கருவிப் பக்கம் போவதில்லை. முதலில் குப்பியைச் சாய்த்து அடியைப் பார்க்கிறேன். அப்புறம் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் வைத்துப் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். படிகம் இருந்தால் மின்னும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. இன்று காலை தகட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நகர்த்திப் பார்த்தேன். முழுக்க இருட்டு. இருபத்தெட்டாவது நாள்.